சூடான காற்றும் குளிர்ந்த காற்றும்: ஒரு பழைய ஜீப்பின் மூக்குக் கதை



பி.காம் படிக்கிறவனுக்குக் கார் இன்ஜின் எதற்கு என்று கேட்காதீர்கள். நான் போட்ட ஒரு தப்புக் கணக்குதான் என்னை இதற்குள் இழுத்து விட்டது. அதனால் இந்த முறை பாங்க், பட்ஜெட் சமாச்சாரங்களுக்கு லீவு.

எங்கள் பெரியப்பா மகன் அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்தில் மேல்படிப்பு படிக்கிறார். கையில் மிச்சம் பிடித்த காசில் ஒரு பழைய எஸ்யூவி வாங்கினார். 1989-ம் வருட மாடல், ஜீப் செரோக்கி. என்னைவிட வயதில் மூத்த வண்டி. குளிர்காலம் முழுக்க நன்றாக ஓடியதாம். வெயில் காலம் வந்ததும் மேட்டில் இழுவை இல்லை. கூடவே, டப்பாவில் சில்லறைக் காசைப் போட்டுக் குலுக்குகிற மாதிரி இன்ஜினுக்குள் ஒரு சத்தம். "கோல்ட் ஏர் இன்டேக் போடு, எல்லாம் சரியாகிவிடும்" என்று கூடப் படிக்கும் நண்பர் ஒருவர் சொல்லியிருக்கிறார். கடையில் செட்டாக வாங்கினால் விலை அதிகம். பிவிசி பைப், ரப்பர் இணைப்பு, ஒரு ஏர் ஃபில்டர் வாங்கினால் வீட்டிலேயே செய்துகொள்ளலாம்.

அண்ணன் எனக்குப் போன் போட்டார். "டேய் தம்பி, காஸ்ட் அக்கவுண்டிங் எல்லாம் படிக்கிறியே, இது கட்டுப்படியாகுமான்னு ஒரு கணக்குப் போட்டுச் சொல்லுடா" என்றார்.

அரை மணி நேரத்தில் எக்ஸெல் தாளை அனுப்பிவிட்டேன். குளிர்ந்த காற்று, அதனால் நல்ல எரிப்பு, அதனால் பெட்ரோல் 10 சதவீதம் மிச்சம், அதனால் ஏழே மாதத்தில் போட்ட முதல் திரும்பிவிடும். அந்த 10 சதவீதம் எங்கிருந்து வந்தது? ஒரு விளம்பரத்திலிருந்து. அதை நம்பி அண்ணன் 65 டாலருக்குச் சாமான் வாங்கிவிட்டார். அவருக்கு அது ஒரு வார மளிகைக் காசு.

அப்புறம்தான் எனக்கு உறுத்த ஆரம்பித்தது. எந்த அடிப்படையில் 10 என்று போட்டேன்? தேட ஆரம்பித்தவன் 1908 வரைக்கும் போய்விட்டேன். போன இடத்தில் பார்த்தது எதிர்பாராத விஷயம். இன்று எல்லோரும் இன்ஜினுக்குக் குளிர்ந்த காற்று கொடுக்கப் பாடுபடுகிறார்கள். கார் பிறந்த காலத்தில், இதே அளவு பாடுபட்டு, சூடான காற்றைத்தான் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்!

இன்ஜின் எவ்வளவு காற்று குடிக்கிறது?

முதலில் ஒரு சின்னக் கணக்கு. பெட்ரோல் முழுசாக எரிய, எடையில் அதைப்போல 14.7 மடங்கு காற்று வேண்டும். ஒரு லிட்டர் பெட்ரோல் சுமார் முக்கால் கிலோ. அதை எரிக்கச் சுமார் 11 கிலோ காற்று. 11 கிலோ காற்று என்றால் ஏறக்குறைய 9,000 லிட்டர். நாம் பங்க்கில் ஒரு லிட்டருக்குத்தான் காசு கொடுக்கிறோம். மற்ற 9,000 லிட்டர் இலவசம்.

செரோக்கியின் 4 லிட்டர், ஆறு சிலிண்டர் இன்ஜின் நிமிஷத்துக்கு 4,000 சுற்று ஓடும்போது 6,000 லிட்டருக்கு மேல் காற்றை உள்ளே இழுக்கும். சும்மா உட்கார்ந்திருக்கும் மனிதர் நிமிஷத்துக்கு ஆறிலிருந்து எட்டு லிட்டர்தான் இழுக்கிறார். ஆக, எண்ணூறு ஆயிரம் பேர் கூடியிருக்கும் ஒரு கல்யாண மண்டபம் மொத்தமும் விடும் மூச்சை இந்த ஒரே இன்ஜின் விடுகிறது.

காற்று சூடானால் விரியும். அதே ஒரு லிட்டர் இடத்தில் எடை குறையும். 60 டிகிரி காற்றுக்குப் பதில் 40 டிகிரி காற்றைக் கொடுத்தால், ஒவ்வொரு இழுப்பிலும் சுமார் 6 சதவீதம் கூடுதல் எடை காற்று உள்ளே போகும். கூடுதல் காற்றுக்குக் கூடுதல் பெட்ரோல், அதற்கேற்ற கூடுதல் சக்தி. கோல்ட் ஏர் இன்டேக்கின் தத்துவம் இவ்வளவுதான். இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் "கூடுதல் பெட்ரோல்" என்கிற வார்த்தையைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நான் மறந்தது அதைத்தான்.

சூட்டைத் தேடிய காலம்

1908-ல் வந்த ஃபோர்டு மாடல் டி காரில் ஏர் ஃபில்டரே கிடையாது. ஆனால் கார்புரேட்டருக்குப் போகும் வழியில் ஒரு தகரக் குழாய் இருந்தது. அது எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டை, அதாவது புகை வெளியேறும் சூடான இரும்பை ஒட்டிப் போகும் காற்றைப் பிடித்துக் கார்புரேட்டருக்குக் கொடுக்கும். வேண்டுமென்றே சூடான காற்று!

காரணம் இருந்தது. கார்புரேட்டரில் பெட்ரோல் காற்றோடு கலந்து ஆவியாகிறது. ஆவியாகும்போது சுற்றியிருக்கும் சூட்டை எடுத்துக்கொள்கிறது. கையில் ஸ்பிரிட் தடவினால் சில்லென்று இருப்பது மாதிரிதான். ஈரப்பதமான குளிர் நாளில் இந்தக் குளிர்ச்சியில் கார்புரேட்டருக்குள்ளேயே ஐஸ் கட்டி வழி அடைத்துவிடும். போதாக்குறைக்கு 1910-களில் கார்கள் பெருகப் பெருக பெட்ரோல் தேவை ஏறியது. சுத்திகரிப்பு ஆலைகள் கச்சா எண்ணெயின் கனமான பகுதியையும் பெட்ரோலில் கலந்து விற்றன. அது லேசில் ஆவியாகாது. துளித்துளியாக உள்ளே போய், எரியாமல் சிலிண்டர் சுவரில் வழிந்து, கீழே இருக்கும் ஆயிலைக் கெடுக்கும். காற்றைச் சுடவைப்பதுதான் மலிவான வைத்தியம்.

அன்றைக்கு ஒருவர் "குளிர்ந்த காற்று கொடுத்தால் சக்தி கூடும்" என்று சொல்லியிருந்தால், காகிதத்தில் அவர் சொன்னது சரி. ரோட்டில் அவர் வண்டி ஸ்டார்ட்டே ஆகியிருக்காது.

தூசியும் ஒரு வேலை போன கதையும்

அடுத்த பிரச்சினை தூசி. மண் ரோட்டில் ஓடும் காரும் வயலில் ஓடும் டிராக்டரும் காற்றோடு மண்ணையும் இழுத்தன. மண் என்பது பொடி செய்த உப்புத்தாள். பிஸ்டனையும் சிலிண்டரையும் தேய்த்துத் தள்ளிவிடும். ஃபோர்ட்சன் டிராக்டரில் காற்றைத் தண்ணீருக்குள் விட்டுக் கழுவி அனுப்பினார்கள்.

இந்த இடத்தில் எனக்கு மிகவும் பிடித்த ஒரு கதை. 1915-ல் ஃபிராங்க் டொனால்ட்சன் என்கிற டிராக்டர் விற்பனையாளர், தூசியால் இன்ஜின் பாழாகித் தவித்த ஒரு விவசாயிக்காகக் கம்பிக் கூடு ஒன்றில் துணியைச் சுற்றி ஒரு வடிகட்டி செய்து கொடுத்தாராம். அது வேலை செய்தது. அவர் வேலைதான் போனது. "எங்கள் டிராக்டரில் குறை இருக்கிறது என்று நீயே ஒத்துக்கொள்வாயா" என்பது முதலாளிகளின் கோபம். அவர் தொடங்கிய டொனால்ட்சன் கம்பெனி இன்றும் உலகம் முழுக்க ஃபில்டர் விற்கிறது. தன் பிறப்புக் கதையாக அந்தக் கம்பெனி சொல்லிக்கொள்வது இதைத்தான். வீட்டில் செய்த இன்டேக்குகளின் பரம்பரைக்கு இவரைத்தான் தாத்தா என்று சொல்ல வேண்டும். ஆனால் தாத்தா தேடியது சக்தியை இல்லை, சுத்தத்தை.

இரண்டாம் உலகப் போரின் வில்லிஸ் ஜீப்பில் இருந்தது ஆயில் பாத் ஏர் கிளீனர். கீழே ஒரு கிண்ணத்தில் ஆயில் இருக்கும். வரும் காற்று அதன் மேல் வந்து சட்டென்று மேலே திரும்ப வேண்டும். காற்று திரும்பிவிடும், கனமான தூசியால் திரும்ப முடியாது, ஆயிலில் விழுந்துவிடும். மிச்சத்தை ஆயில் நனைந்த கம்பி வலை பிடித்துக்கொள்ளும். வட ஆப்பிரிக்கப் பாலைவனம் வரைக்கும் அந்த ஜீப்புகள் ஓடின. 1947 முதல் மகிந்திரா இந்தியாவுக்குக் கொண்டுவந்த ஜீப்புகளும் அதே குடும்பம். நம் ஊர்ப் பழைய மெக்கானிக்குகள் இன்றும் "ஆயில் கிண்ணம்" என்றால் சிரித்துக்கொண்டே கதை சொல்வார்கள். பிறகு 1950-களின் கடைசியிலிருந்து மடித்த காகித ஃபில்டர் வந்து கிண்ணத்தை ஓரம் கட்டியது.

குளிரைத் தேடிய காலம்

பெட்ரோல் தரம் உயர்ந்தது, ரோடுகளும் நல்லதாயின. அமெரிக்காவில் கால் மைல் பந்தயம் சூடு பிடித்தது. கால் மைல் ஓட்டத்தில் ஆக்ஸிலேட்டர் முழுசாக அமுங்கியே இருக்கும். அங்கே 6 சதவீதம் என்பது வெற்றி தோல்வி சமாச்சாரம்.

1963-ல் செவ்ரோலே தன் இம்பாலா இசட்-11 காரில் முன்கண்ணாடியின் அடிப்பகுதியிலிருந்து காற்று எடுத்தது. ஓடும் காரில் காற்று பானட் மீது வழுக்கி வந்து கண்ணாடியில் மோதித் தேங்கும் இடம் அது. 1964-ல் ஃபோர்டு இன்னும் துணிந்தது. ஃபேர்லேன் தண்டர்போல்ட் என்கிற பந்தயக் காரில், இருந்த நான்கு ஹெட்லைட்டில் உள்பக்கம் இரண்டைக் கழற்றி, ஓட்டையில் வலை போட்டு, அங்கிருந்து இரண்டு பெரிய குழாய்களைக் கார்புரேட்டருக்கு இழுத்தது. 1965-ல் போன்டியாக் ஜிடிஓ காருக்கு 'ராம் ஏர்' செட் வந்தது. பானட்டின் மேல் சும்மா அழகுக்கு இருந்த மூக்கை நிஜமாகவே திறந்து, கீழே ஒரு தகரத் தட்டு வைத்து, வெளிக்காற்றை உள்ளே விடும் ஏற்பாடு.

இதைப் பார்த்த தெருப்பையன்கள் சும்மா இருப்பார்களா? ஹெட்லைட் ஓட்டையில் குழாய் சொருகுவது அன்றிலிருந்து தொடங்கிய பழக்கம். 1969-ல் கலிபோர்னியாவின் ரிவர்சைடில் தொடங்கிய கே அண்ட் என் கம்பெனி, எண்ணெய் நனைத்த பருத்தி ஃபில்டரைப் பாலைவன மோட்டார் சைக்கிள் பந்தயக்காரர்களுக்கு விற்று வளர்ந்தது. கழுவிக் கழுவி மறுபடியும் போடலாம் என்பது அதன் கவர்ச்சி.

சூடு திரும்பி வந்தது

இங்கே கதை மறுபடியும் திரும்புகிறது. கலிபோர்னியாவின் புகைமூட்டத்தால் 1966 மாடல்களிலிருந்து அந்த மாநிலத்திலும், 1968 மாடல்களிலிருந்து நாடு முழுக்கவும் கார்ப் புகைக்குக் கட்டுப்பாடு வந்தது. இன்ஜின் குளிர்ந்திருக்கும் முதல் சில நிமிஷங்களில்தான் புகை மோசம். அதனால் மாடல் டி-யின் தகரக் குழாயைக் கம்பெனிகள் மறுபடியும் தேடி எடுத்தன. இந்த முறை அதற்கு ஒரு மூளை வைத்தார்கள். ஏர் ஃபில்டர் பெட்டியின் வாயில் ஒரு சின்னக் கதவு. காலையில் இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது அது வெளிக்காற்றை மூடி, எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் சூட்டுக் காற்றைத் திறக்கும். உள்ளே போகும் காற்று சுமார் 38 டிகிரி ஆனதும் கதவு மெல்ல மறுபக்கம் திரும்பி வெளிக்காற்றை விடும்.

இப்போது நம் கதாநாயகன். அமெரிக்கன் மோட்டார்ஸ் கம்பெனி 1984 மாடலாகக் கொண்டுவந்த செரோக்கி, தனிச் சட்டம் இல்லாமல் உடம்பே சட்டமாகச் செய்யப்பட்ட லேசான வண்டி. ஒஹையோவின் டொலீடோ நகரில்தான் தயாரானது. அண்ணனின் வண்டி பிறந்த மாநிலத்திலேயே வாழ்கிறது என்று சொல்லுங்கள். 1987-ல் இதற்கு 4 லிட்டர் இன்ஜின் வந்தது, 173 குதிரைத்திறன். அதே வருடம் கிரைஸ்லர் கம்பெனி மொத்தக் கம்பெனியையும் வாங்கிவிட்டது. 1991-ல் சிலிண்டர் ஹெட்டின் காற்று வழிகளை உயர்த்தி, பெட்ரோல் தெளிக்கும் அமைப்பையே மாற்றி, 190 குதிரைத்திறனுக்குக் கொண்டுபோனார்கள். அமெரிக்காவில் 2001 வரை இந்த வடிவம் விற்றது.

1987 முதல் 1990 வரையிலான வண்டிகளில் கார்புரேட்டர் இல்லை, பெட்ரோல் ஒவ்வொரு சிலிண்டரின் வாசலிலும் தெளிக்கப்படுகிறது. ஐஸ் கட்டும் பயம் இல்லை. ஆனாலும் அந்தச் சின்னக் கதவு அந்தப் பெட்டியில் இருந்தது! இதை ஞாபகம் வையுங்கள்.

வீட்டில் செய்யும் மூக்குகள்

பழைய செரோக்கி மலிவாகக் கிடைக்கிற வண்டி ஆனதும் மாணவர்களும் தொழிலாளிகளும் வாங்கி, ஞாயிற்றுக்கிழமைகளில் தாங்களே மாற்ற ஆரம்பித்தார்கள். நான் படித்ததில் முக்கியமான முறைகள் நான்கு.

முதல் முறை, இருக்கிற பெட்டியைக் கழற்றிப்போட்டு, மூன்று அங்குலப் பைப்பின் நுனியில் கூம்பு ஃபில்டரைச் சொருகுவது. சுலபம், பார்க்கவும் அழகு. ஆனால் ஃபில்டர் இப்போது பானட்டுக்குள்ளேயே உட்கார்ந்து சூட்டுக் காற்றைக் குடிக்கிறது. பெயர் மட்டும்தான் கோல்ட். கம்பெனி கொடுத்த பெட்டியாவது முன்பக்கத்திலிருந்து காற்று எடுத்துக்கொண்டிருந்தது.

இரண்டாவது, அந்தக் கூம்பைச் சுற்றி அலுமினியத் தகட்டில் ஒரு தடுப்புச் சுவர் கட்டுவது. மூன்றாவது, ஹெட்லைட் அல்லது கிரில் பின்னால் வரைக்கும் பைப்பை நீட்டுவது. நான்காவது, 1963 இம்பாலா மாதிரி முன்கண்ணாடி அடியிலிருந்து எடுப்பது. உயரமான இடம் என்பதால் ஆற்றைக் கடக்கும்போது நல்லது. மழைத்தண்ணீர் வடியும் இடமும் அதுவேதான் என்பதால் வழி செய்யத் தெரிந்திருக்க வேண்டும்.

தண்ணீர் விஷயம் விளையாட்டு இல்லை. காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. கீழே பம்பர் வரைக்கும் பைப்பை இறக்கியவர் ஒரு பள்ளத்துத் தண்ணீரில் இறங்கினால், பிஸ்டனைத் தாங்கும் கம்பி வளைந்து இன்ஜின் முடிந்தது.

இன்னொரு சின்ன ரப்பர் குழாய் இருக்கிறது, பலர் அதை மறந்துவிடுவார்கள். இன்ஜினின் மேல் மூடியிலிருந்து ஏர் ஃபில்டர் பெட்டிக்கு வருவது. இன்ஜின் வயிற்றுக்குள் சேரும் வாயுவை உள்ளேயே சுற்றவிட்டு எரிக்கும் ஏற்பாட்டுக்கு, வடிகட்டின காற்று போகும் வழி அது. அதைச் சும்மா தொங்கவிட்டால் வடிகட்டாத தூசி நேராக உள்ளே போகும். இந்த வண்டியில் ஏர் ஃபில்டர் ஆயிலில் ஊறிக் கிடந்தால், அந்த மூச்சுக் குழாய் அடைத்திருக்கிறது அல்லது பிஸ்டன் வளையங்கள் தேய்ந்துவிட்டன என்று அர்த்தம். ஆக, அந்தப் பெட்டி வெறும் பெட்டி இல்லை, நோயைக் காட்டும் நாக்கு.

என் தாளில் எங்கே தப்பு?

இப்போது கணக்கு. முதலில் 'ராம் ஏர்', அதாவது ஓடும் வேகத்தில் காற்றே தள்ளிக்கொண்டு உள்ளே வரும் என்பது. மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் அந்தத் தள்ளல், வளிமண்டல அழுத்தத்தில் அரை சதவீதம்கூட இல்லை. நானே இரண்டு முறை போட்டுப் பார்த்தேன்.

இரண்டாவது, பைப் உலோகமா பிளாஸ்டிக்கா என்கிற சண்டை. முழு வேகத்தில் மூன்று அங்குலப் பைப்பில் காற்று நொடிக்கு 20 மீட்டருக்கு மேல் ஓடுகிறது. ஒரு மீட்டர் பைப்பில் அது இருக்கும் நேரம் ஒரு நொடியில் இருபதில் ஒரு பங்கு. அதற்குள் எவ்வளவு சூடாகிவிடும்?

மூன்றாவது, இந்த இன்ஜினின் அமைப்பு. காற்று போகும் மேனிஃபோல்டும் புகை வரும் மேனிஃபோல்டும் ஒரே பக்கத்தில், ஒன்றின் மேல் ஒன்றாக இருக்கின்றன. அடுப்பின் மேல் வைத்த பாத்திரம் மாதிரி. பைப்பில் மிச்சம் பிடித்த குளிர்ச்சியில் கொஞ்சத்தை, டிராஃபிக்கில் நிற்கும்போது அடுப்பு திரும்ப வாங்கிக்கொள்ளும்.

நான்காவதுதான் என் பெரிய தப்பு. பெட்ரோல் மிச்சம். இந்த வண்டியின் கம்ப்யூட்டர், காற்று எவ்வளவு வருகிறது என்று கணித்து அதற்கேற்பப் பெட்ரோல் தெளிக்கிறது. எடை கூடிய காற்று வந்தால் பெட்ரோலும் கூடும். அதே வேகத்தில் போக வேண்டும் என்றால் ஓட்டுநர் காலைக் கொஞ்சம் தளர்த்துவார், அவ்வளவுதான். சாதாரண ஓட்டத்தில் காற்றை மறிப்பது ஃபில்டர் இல்லை, பாதி மூடியிருக்கும் திராட்டில்தான். அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் 2009-ல் வெளியிட்ட ஆய்வில், கம்ப்யூட்டர் உள்ள பெட்ரோல் இன்ஜின்களில் அடைத்துப்போன ஃபில்டரை மாற்றினால்கூட மைலேஜ் கூடவில்லை. வேகம் எடுக்கும் நேரம்தான் 6 முதல் 11 சதவீதம் வரை தேறியது. அடைத்த ஃபில்டருக்கே இந்தக் கதி என்றால், நல்ல ஃபில்டரை மாற்றிப் போட்டு 10 சதவீதம் மிச்சம் என்று எழுதிய என்னை என்ன சொல்வது?

சக்தி கூடுமா? முழுசாக அமுக்கி ஓட்டும்போது ஓரளவு கூடலாம். ஆனால் ஒரு ஒப்பீடு சொல்கிறேன். 1987-லிருந்து 1991-க்குள் கம்பெனி இன்ஜினியர்கள் ஹெட்டையும் பெட்ரோல் தெளிக்கும் அமைப்பையும் மாற்றி எடுத்த மொத்த லாபமே 17 குதிரைத்திறன். ஒரு பைப் துண்டு அதே அளவு கொடுக்கும் என்று யாராவது விற்றால், விற்கிறவருக்குத்தான் லாபம். சத்தம் மட்டும் நிச்சயம் கூடும். பெட்டிக்குள் அமுங்கியிருந்த உறுமல் வெளியே வரும். காது கேட்டதைக் கால் நம்பிவிடும்.

இன்னொரு வியாபாரமும் உண்டு. காற்றின் சூட்டை அளக்கும் சென்சாரை ஏமாற்ற, சில பைசா விலையுள்ள ஒரு ரெசிஸ்டரை 'பவர் சிப்' என்று பெட்டியில் போட்டு விற்பது. காற்று குளிர்ந்திருக்கிறது என்று கம்ப்யூட்டர் நம்பிக் கூடுதல் பெட்ரோல் தெளிக்கும். புகையில் இருக்கும் ஆக்ஸிஜன் சென்சார் அதைக் கண்டுபிடித்துத் திரும்பக் குறைத்துவிடும். மார்ஜின் எவ்வளவு இருக்கும் என்று வகுப்புத் தோழர்கள் கணக்குப் போட்டுப் பாருங்கள் :-)

சட்டமும் உண்டு. கலிபோர்னியாவில் இன்டேக் மாற்ற வேண்டும் என்றால் அந்தப் பாகத்துக்கு மாநிலக் காற்று வாரியத்தின் அனுமதி எண் வேண்டும். வீட்டில் செய்த பைப்புக்கு எண் எங்கே இருக்கும்? 1990-ல் திருத்தப்பட்ட தேசியச் சட்டம், புகைக் கட்டுப்பாட்டுப் பாகங்களைக் கழற்றுவதைக் கம்பெனிக்காரர் மட்டுமில்லை, யார் செய்தாலும் தப்பு என்கிறது.

கதவு

இவ்வளவும் படித்த பிறகு அந்தச் சின்னக் கதவு என் மண்டையில் உறுத்திக்கொண்டே இருந்தது. குளிர்காலத்தில் நன்றாக ஓடிய வண்டி. வெயிலில் மட்டும் இழுவை இல்லை. சில்லறைக் காசுச் சத்தம் என்பது சூட்டில் பெட்ரோல் நேரத்துக்கு முன்னால் வெடிப்பது. மெக்கானிக்குகள் நாக்கிங் என்பார்கள். அந்த வருட வண்டிகளில் நாக் சென்சார் உண்டு. சத்தம் கேட்டால் கம்ப்யூட்டர் பொறியைத் தாமதப்படுத்தும், இழுவை குறையும். எல்லாம் பொருந்தியது.

அண்ணனுக்குப் போன் போட்டேன். "அண்ணே, பைப் எதையும் மாட்டிடாதீங்க. எக்ஸாஸ்ட் பக்கத்துலேர்ந்து ஏர் ஃபில்டர் பெட்டிக்கு வெள்ளிக் காகிதம் மாதிரி ஒரு குழாய் வருதா, பாருங்க."

வந்தது. பெட்டியைத் திறந்தால், கதவின் அச்சு துருவும் அழுக்கும் ஏறி இறுகி, வெளிக்காற்றை மூடிய நிலையிலேயே நின்றிருந்தது. அடிக்கிற வெயிலில் அந்த வண்டி எக்ஸாஸ்ட் மேல் காய்ந்த காற்றை மட்டுமே குடித்துக்கொண்டிருந்தது! சுத்தம் செய்து, ஆடவிட்டு, சின்னக் குழாய்களைச் சரிபார்த்து மாட்டினார். செலவு மூன்று டாலர். அடுத்த நாள் அதே மேட்டில் சத்தம் இல்லை, இழுவையும் திரும்பிவிட்டது. மைலேஜ் பற்றி நான் கேட்கவில்லை. இனிமேல் அந்த எண்ணை நானாகப் போடுவதாகவும் இல்லை.

ஒருவேளை அண்ணன் அந்தப் பெட்டியைத் தூக்கிப்போட்டுப் பைப்பை மாட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? கதவும் பெட்டியோடு போயிருக்கும். வண்டி சரியாகியிருக்கும். "ஆகா, கோல்ட் ஏர் இன்டேக் அற்புதம்" என்று அவரும் ஊருக்கெல்லாம் சொல்லியிருப்பார், என் எக்ஸெல் தாளும் ஜெயித்திருக்கும். "போட்டேன், மாற்றம் தெரிந்தது" என்று சத்தியம் செய்கிறவர்களில் எத்தனை பேருடைய வண்டியில் இப்படி ஒரு கதவு இறுகிக் கிடந்ததோ! அவர்கள் பொய் சொல்லவில்லை. காரணத்தை மட்டும் மாற்றிச் சொல்கிறார்கள்.

வீட்டில் செய்கிறவர்களைக் கிண்டல் செய்ய இதை எழுதவில்லை. டொனால்ட்சன் செய்ததும் வீட்டு வேலை மாதிரியான ஒன்றுதான், அதில்தான் இந்தத் தொழிலே பிறந்தது. அவர் முதலில் இன்ஜின் ஏன் சாகிறது என்று பார்த்தார், அப்புறம் துணியைச் சுற்றினார். நான் பார்க்காமலே சுற்றினேன். சூட்டுக் குழாய் வைத்தவர்களும் முட்டாள் இல்லை, ஹெட்லைட்டைக் கழற்றியவர்களும் முட்டாள் இல்லை. அவரவர் காலத்துக் கஷ்டத்துக்கு அவரவர் பதில். அடுத்தவர் பதிலைத் தன் கேள்விக்கு ஒட்டவைத்தால்தான் காசு போகிறது.

கடைசியாகக் கணக்கு முடித்துவிடுகிறேன். பிரிக்காத ஃபில்டரையும் இணைப்புகளையும் கடையில் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். அறுத்துவிட்ட பைப்பும் பசையும் போனது போனதுதான், 22 டாலர். அண்ணன் "விடுடா" என்கிறார். விடுவதாக இல்லை. இந்த வருடம் என் நோட்டில் முதல் பக்கம், பற்று: தப்பான அனுமானம், 22 டாலர். வரவு: அண்ணன் கணக்கு. அடுத்த முறை அவர் ஊருக்கு வரும்போது தீர்க்கிறேன்.

வண்டி வேலை தெரிந்தவர்கள் நான் சொன்னதில் தவறு இருந்தால் தயங்காமல் திருத்துங்கள். அடுத்த கட்டுரையில் பார்ப்போம்.